பரணில் உறங்கும் மடிக்கணினிகள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அதன்வழி ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். நான் வசிக்கும் உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களில் பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. இன்று அவற்றுள் பல இயங்காமல் பரணில் கிடக்கின்றன.

இயங்காத கணினியில் பழுதுபட்டிருப்பது பெரும்பாலும் ஏதேனும் ஓர் உறுப்புதான். அது எது என்பதை வரிசையாக ஆராய்ந்தால் கண்டறியலாம்.

முதலில் மின்சாரம். விளக்கே எரியாவிட்டால் சார்ஜரையும், கழற்றக்கூடிய பேட்டரியையும் அகற்றிவிட்டு, தொடக்க விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். எஞ்சிய மின்னூட்டம் வெளியேறிய பின், சார்ஜரை மட்டும் இணைத்து இயக்கிப் பார்க்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ துளைக்கவோ கூடாது.

விளக்கு எரிந்தும் திரை இருண்டிருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது 'ரேம்' எனப்படும் நினைவகப் பட்டை. மின் இணைப்பைத் துண்டித்து, அதைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தினாலே சில கணினிகள் உயிர்பெறும். தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போனால், உள்ளிருக்கும் நாணயவடிவ மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும்.

திரையில் எழுத்துகள் தோன்றி, அதற்குமேல் நகராவிட்டால் ஐயம் வன்தட்டின் மீதும் இயங்குதளத்தின் மீதும் திரும்ப வேண்டும். வேறொரு கணினியின் உதவியால் லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவில் பதிந்து, அதிலிருந்து பழைய கணினியைத் தொடங்கலாம். அவ்வாறு தொடங்கினால் மற்ற உறுப்புகள் பெரிதும் நலமாகவே உள்ளன என்று பொருள். வன்தட்டு படிக்கும் நிலையில் இருந்தால், சான்றிதழ்களையும் நிழற்படங்களையும் அப்போதே படியெடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 'ஃபார்மட்' செய்ய எவரையும் அனுமதிக்கலாகாது. வன்தட்டில் 'டக் டக்' என ஒலி கேட்டால் மேலும் முயலாமல் வல்லுநரிடம் ஒப்படைப்பதே நன்று.

'இலவசமாக வந்த பொருளுக்கா செலவழிப்பது?' என்று பலர் தயங்குகின்றனர். பொருளியல் நோக்கில் இது தவறான கணக்கு. அன்று கொடுத்த விலை இன்றைய முடிவுக்குத் தொடர்பற்றது. பழுதுநீக்கும் செலவை ஒப்பிட வேண்டியது, அதே பணியைச் செய்யும் மற்றொரு கணினியின் இன்றைய விலையோடுதான். கட்டுரை தட்டச்சு செய்யவும் இணைய வழி விண்ணப்பிக்கவும் பழைய கணினியே போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டாலும், பழைய கணினிகளுக்கு ஏற்ற லினக்ஸ் வகைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மறுசுழற்சிக்கு உற்பத்தியாளர்களை அவை பொறுப்பாக்குகின்றன. ஆனால், மறுசுழற்சி கடைசி வழி. பழுதுநீக்கமே முதல் வழி. தொழிற்பயிற்சி நிலைய, பாலிடெக்னிக் மாணவர்களைக் கொண்டு வட்டந்தோறும் ஆண்டுக்கொரு முறை பழுதுநீக்கும் முகாம் நடத்தலாம். மாணவர்களுக்குத் தொழிலறிவு கிட்டும். அடுத்த தலைமுறைப் பிள்ளைக்கு ஒரு கணினி கிட்டும். பொதுப் பணத்தில் வாங்கிய பொருள் அதன் முழு ஆயுளும் உழைப்பதே அத்திட்டத்துக்கு நிறைவாகும்.