முட்டும் கிடாவை அடக்குவது எப்படி?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ளது பைல் நாடு. மலையிலும் சரி, அடிவாரத்திலும் சரி, வெள்ளாடு வளர்ப்போர் உண்டு. "சேலம் கருப்பு" ஆடு இந்த வட்டாரத்து இனம்தான்.

குட்டியாக இருந்தபோது குழந்தைகளோடு துள்ளிய கிடா, வளர்ந்ததும் அதே குழந்தைகளை முட்டித் தள்ளும். ஏன்?

முதல் காரணம் பருவம். பிறந்த 6 மாதத்திலேயே கிடாவுக்குப் பருவம் வந்துவிடலாம். அப்போது உடம்பில் வாடை வீசும். தன் தாடியிலேயே சிறுநீரைப் பீய்ச்சிக்கொள்ளும். எதிரே வருபவரைப் போட்டிக் கிடாவாக நினைத்துப் பாயும்.

இரண்டாவது காரணம் விளையாட்டு. குட்டியின் நெற்றியில் கை வைத்துத் தள்ளினால் அது முட்டப் பழகிவிடும். குட்டி முட்டினால் வேடிக்கை. கிடா முட்டினால் எலும்பு முறியும்!

என்ன செய்யலாம்?

அடிக்கக் கூடாது. அடித்தால் இன்னும் மூர்க்கமாகும். முதுகைக் காட்டி நிற்கவும் கூடாது. கிடாவைத் தனிப் பட்டியில் அடையுங்கள். பெரியவர்களே தீனி வைக்கட்டும்.

20, 30 பெட்டைகளுக்கு ஒரு பொலிகிடா போதும். மற்றவற்றைச் சிறு வயதிலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காயடித்துவிடுங்கள். மூர்க்கம் தணியும்; வாடையும் குறையும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சாதுவான ஆடு திடீரென்று வெறிகொண்டு, வாயில் எச்சில் ஒழுக நின்றால், அதை வெறிநாய் கடித்திருக்கலாம். கிட்டே போகாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.