வீணைக்கு ஒரு தூரத்துச் சொந்தம்! ஆலங்குளத்து வீட்டில் ஒலித்த ஹார்ப்சிகார்ட்

``யாரும்மா அது... வீணை வாசிக்கிறது?''

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். சாயங்காலம் ஆறு மணி. கரன்ட் போயிருந்தது. மிக்ஸி, டி.வி, ஃபேன் எதுவும் ஓடவில்லை. என் போனில் மட்டும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

``வீணை இல்லம்மா. ஹார்ப்சிகார்ட்னு ஒண்ணு. வெள்ளைக்காரங்க வாத்தியம். 300 வருஷத்துக்கு முந்தின பாட்டு.''

``தந்தியை மீட்டுற சத்தம்தானே கேக்குது?''

அம்மா சொன்னது சரிதான். அந்த ஒரு கேள்வியில்தான், எங்கள் வீட்டுப் பரணில் 20 வருடங்களாகத் துணி சுற்றிக் கிடந்த வீணையின் கதை மறுபடியும் தொடங்கியது.

ஆலங்குளம் என்றதும் பலரும் தென்காசி பக்கத்து ஊரைத்தான் நினைப்பார்கள். எங்களுடையது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆலங்குளம். அரசு சிமென்ட் ஆலையால் பெயர் தெரிந்த ஊர். இங்கே இசை என்றால் மார்கழி மாதத்துத் திருப்பாவை, கோயில் கொடையின் மேளம், டீக்கடை இளையராஜா. ஐரோப்பிய பரோக் இசைக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நானும் முதலில் சிரித்திருப்பேன்.

காக்கை இறகால் மீட்டிய தந்தி

ஹார்ப்சிகார்டைப் பார்த்தால் பியானோவின் ஒல்லியான அக்கா மாதிரி இருக்கும். கட்டைகளை அழுத்தித்தான் வாசிக்க வேண்டும். ஆனால், உள்ளே நடப்பது வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் சின்னச் சுத்தியல் ஒன்று தந்தியைத் தட்டும். ஹார்ப்சிகார்டில் மெல்லிய மரக்குச்சி ஒன்று மேலெழும்பி, அதில் செருகியிருக்கும் சிறு முள்ளால் தந்தியை மீட்டிவிடும். அந்தக் காலத்தில் அந்த முள்ளைக் காக்கை போன்ற பறவைகளின் இறகுத் தண்டில் சீவிச் செய்தார்கள். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். விரலை எடுத்ததும் குச்சி கீழிறங்கும். அதில் ஒட்டியிருக்கும் துணித்துண்டு தந்தியைத் தொட்டு ஒலியை நிறுத்திவிடும்.

வீணை வாசிப்பவர்கள் விரலில் நெளி மாட்டிக்கொள்வார்கள். இங்கே ஒவ்வொரு தந்திக்கும் ஒரு நெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அம்மாவின் காதுக்கு அது வீணையாகக் கேட்டிருக்கிறது.

இதற்கு ஒரு பெரிய குறை உண்டு. கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவு சத்தம்தான். தந்தியை இழுத்து கமகம் கொடுக்கவும் வழியில்லை. மீட்டிய கணத்திலிருந்தே ஒலி தேய ஆரம்பித்துவிடும். இத்தனை கட்டுப்பாட்டுக்குள் எப்படி உணர்ச்சியைக் கொண்டுவருவது?

அலங்காரத்தால்தான். நீண்ட ஸ்வரம் தேய்ந்துபோகாமல் இருக்க, அதைச் சுற்றிப் பக்கத்து ஸ்வரங்களை வேகமாக அசைப்பார்கள். கமகம் இல்லாத குறையைத் தீர்க்க வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. 1720-ல் ஜெர்மனியின் செபாஸ்டியன் பாக், தன் ஒன்பது வயது மூத்த மகனுக்காக ஒரு பாட நோட்டு தொடங்கினார். அதன் ஆரம்பத்திலேயே, எந்தக் குறிக்கு எந்த அசைவு என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பா மகனுக்கு எழுதிக்கொடுத்த அந்தப் பக்கத்தை, இன்றும் உலகம் முழுக்க மாணவர்கள் படிக்கிறார்கள்.

வீணையை அளந்த ஹார்ப்சிகார்ட்

பாக் பிறந்த 1685-ம் ஆண்டு இசைக்கு வாரிக்கொடுத்த ஆண்டு. ஹேண்டலும், இத்தாலியின் டொமெனிகோ ஸ்கார்லாட்டியும் அதே ஆண்டில் பிறந்தவர்களே. ஹேண்டல் பிறந்த ஊர் ஹாலே. அந்த ஹாலேவில் படித்த சீகன்பால்குதான் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பிறகு தமிழ் அச்சுக்கூடம் அமைத்தவர். நாம் நினைப்பதுபோல அந்த உலகம் அவ்வளவு தூரத்தில் இல்லை!

ஹார்ப்சிகார்டும் கப்பலேறி இந்தியா வந்திருக்கிறது. 1780-களில் கல்கத்தா, காசி பகுதிகளில் வாழ்ந்த மார்கரெட் ஃபௌக் என்ற இளம்பெண், இந்தியக் கலைஞர்களைத் தன் ஹார்ப்சிகார்டோடு சுருதி சேர்த்து வாசிக்கச் செய்து, அந்த மெட்டுகளை எழுதிவைத்தார். அவருடைய சகோதரர் ஃபிரான்சிஸ் ஃபௌக், வட இந்தியாவின் பீன் என்ற வீணையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1788-ல் வெளிவந்தது. அதன் ஸ்வரங்களை அவர் ஒப்பிட்டுப் பார்த்தது ஹார்ப்சிகார்டோடுதான். அடுத்த ஆண்டே, வில்லியம் ஹாமில்டன் பேர்ட் என்பவர் இந்துஸ்தானி மெட்டுகளை ஹார்ப்சிகார்டில் வாசிக்கும்படி மாற்றி, கல்கத்தாவில் புத்தகமாகவே போட்டுவிட்டார். லண்டன் கலைஞர் ஜேன் சாப்மன் அந்த மெட்டுகளை நம் காலத்தில் மறுபடி வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் நம் ஊர் வெயிலும் மழைக்காலத்து ஈரமும் அந்த வாத்தியத்துக்கு ஒத்துவரவில்லை. மரம் உப்பும், பிளக்கும், சுருதி நிற்காது.

தெற்கே என்ன நடந்தது? முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். இன்றும் பாட்டு வகுப்புக் குழந்தைகள் படிக்கும் `நோட்டு ஸ்வரங்கள்' அவைதான். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்னாடக இசைக்குள் கொண்டுவந்தார். பல ஆண்டுகள் கழித்து, பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1986-ல் வெளிவந்த `ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை அவர் சமர்ப்பித்தது தியாகராஜருக்கும் பாக்குக்கும். அதில் ஒரு பாடலின் பெயரே `ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. டீக்கடையில் ராஜா கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்கள், பெயர் தெரியாமலேயே பாக்கைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம்.

சத்தம் போதவில்லை!

இவ்வளவு செல்வாக்கோடு இருந்த வாத்தியம் ஏன் காணாமல்போனது? காரணம் ரொம்பச் சாதாரணம். சத்தம் போதவில்லை.

1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்ற வாத்தியத் தச்சர், மெதுவாகவும் ஓங்கியும் வாசிக்கக்கூடிய ஒரு கருவியைச் செய்தார். அதுதான் பியானோ. இசை, அரண்மனைக் கூடத்திலிருந்து டிக்கெட் வாங்கிக் கேட்கும் பெரிய அரங்குக்கு வந்தபோது, பியானோ ஜெயித்துவிட்டது. 1800-களின் தொடக்கத்தில் ஹார்ப்சிகார்ட் செய்யும் பட்டறைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

இதைப் படித்துச் சொன்னபோது அம்மா சட்டென்று, ``வீணையையும் அப்படித்தானே சொன்னாங்க'' என்றார்.

அம்மா ராஜபாளையத்தில் சிறுமியாக இருந்தபோது வீணை கற்றவர். கல்யாணமாகி ஆலங்குளம் வந்தபோது அதுவும் கூடவே வந்தது. கூட்டுக்குடும்பம், சிறிய வீடு, ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கும் அப்பா. ``கேட்டா மெல்லிசா இருக்கு, கேக்காட்டா இல்லவே இல்லைனு இருக்கு. யாருக்கு வாசிக்க?'' என்று ஒருநாள் உறையில் போட்டவர், பிறகு எடுக்கவே இல்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. `வாசியேன்' என்று யாரும் கேட்கவும் இல்லை, நான் உட்பட.

சென்ற வருடம் சொந்தக்காரர் ஒருவர், புது வீட்டு ஹாலில் அழகுக்கு வைக்க அந்த வீணையைக் கேட்டார். ``கொடுத்துரலாம், சும்மாதானே கெடக்கு'' என்றார் அம்மா. நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

திரும்பி வந்த வாத்தியம்

ஹார்ப்சிகார்டின் கதை அந்தப் பட்டறைகளோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நூறு வருடம் போல அருங்காட்சியகத்திலும் பரணிலும் கிடந்த அதை, 19-ம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் தூசு தட்டினார்கள். இங்கிலாந்தில் அர்னால்ட் டால்மெட்ஷ் பழைய கருவிகளைப் பழுதுபார்த்து, புதிதாகவும் செய்தார். வார்சாவில் பிறந்த வாண்டா லேண்டோவ்ஸ்கா என்ற பெண்மணி, பியானோவில் பெயர் வாங்கியிருந்தும், `பாக் எந்த வாத்தியத்துக்கு எழுதினாரோ, அதில்தான் வாசிப்பேன்' என்று பிடிவாதமாக ஹார்ப்சிகார்டுக்கு மாறினார். பலர் கேலி செய்தார்கள். 1933-ல் பாக்கின் `கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' முழுவதையும் அதில் வாசித்துப் பதிவு செய்தார்.

1940-ல் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியது. யூதரான அவர், வாழ்நாளெல்லாம் சேர்த்த வாத்தியங்களையும் புத்தகங்களையும் விட்டுவிட்டுத் தப்ப வேண்டியதாயிற்று. எல்லாம் சூறையாடப்பட்டன. அவர் நியூயார்க்கில் போய் இறங்கிய நாள் 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே நாள். 60 வயதைத் தாண்டியிருந்தவர், அங்கே முதலிலிருந்து தொடங்கினார். இன்று நீங்களும் நானும் போனில் ஹார்ப்சிகார்ட் கேட்கிறோம் என்றால், அதில் அந்த அம்மாவின் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நமக்கும் அப்படி ஒருவர் இருந்தார். சிலப்பதிகாரம் விவரிக்கும் யாழ் நம் கையிலிருந்து நழுவிப்போனது. அதன் இலக்கணத்தைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து தேடியெடுக்க, இலங்கையின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் பல ஆண்டுகள் உழைத்தார். அவருடைய `யாழ் நூல்' 1947-ல் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்துவிட்டார். இன்று சென்னையில் தருண் சேகர் போன்ற இளைஞர்கள் யாழை மறுபடி மரத்தில் செதுக்கி வாசிக்கிறார்கள்.

காணாமல்போன வாத்தியத்தையே தேடிப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். எங்கள் வாத்தியம் காணாமல்கூடப் போகவில்லை. ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

எப்படிக் கேட்பது?

முதல்முறை கேட்பவர்களுக்குச் சில யோசனைகள். வால்யூமைக் கூட்டாதீர்கள், குறைத்து வையுங்கள். அறை அமைதியானால் போதும். பாட்டு `ஏறி' உச்சத்துக்குப் போகும் என்று காத்திருக்காதீர்கள். அதற்குப் பதிலாக வலது கையையும் இடது கையையும் தனித்தனியாகப் பின்தொடருங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல, ஒன்று கேட்க மற்றொன்று பதில் சொல்லும்.

* பாக், சி மேஜர் பிரிலூட் (1722): சங்கராபரணம் தெரிந்த காதுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிடம்தான்.

* டகேன், `குயில்' (1735): குயில் கூவுவதை இரண்டே ஸ்வரத்தில் வைத்து விளையாடுவார்.

* ராமோ, `கோழி': கொக்கரிப்பு அப்படியே கேட்கும். குழந்தைகளுக்குப் போட்டுக்காட்டலாம்.

* ஸ்கார்லாட்டி, சொனாட்டா கே. 141: ஒரே ஸ்வரத்தை விடாமல் படபடவென்று மீட்டும் வேகம். ஹார்ப்சிகார்ட் கிட்டார் ஆகிவிட்டதோ என்று தோன்றும்.

* கூப்பரன், `மர்மத் தடுப்புகள்' (1717): அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் விவாதிக்கிறார்கள். அம்மாவுக்குப் பிடித்தது இதுதான்.

பரணிலிருந்து...

கூப்பரனை மூன்றாவது முறை கேட்ட அன்று அம்மா, ``அதைக் கொஞ்சம் கீழே எறக்கேன், பாப்போம்'' என்றார்.

இறக்கினோம். யாளி முகத்தில் ஒரு காது உடைந்திருந்தது. தந்திகள் துரு. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு, வெயில் காலங்களில் உருகி உருகி இடம் மாறியிருந்தது. அம்மா சுரைக்காயைத் துடைத்து, குடத்தை விரலால் தட்டிப்பார்த்தார். பலா மரத்துக்குள்ளிருந்து ஒரு ஆழமான சத்தம் வந்தது. ``மரம் நல்லாத்தான் இருக்கு'' என்றார்.

விசாரித்து, வீணை வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்தோம். ``மேளம் புதுசாக் கட்டணும்மா, பிரடை ரெண்டு மாத்தணும். மத்தபடி பிழைச்சுக்கும்'' என்றார், நாடி பார்த்த வைத்தியர் மாதிரி. புது வீட்டு ஹாலுக்குக் கேட்ட சொந்தக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ``வாசிக்கும்போது கூப்பிடு'' என்றார்.

வீணை இன்னும் திரும்பி வரவில்லை. வந்தாலும் அம்மாவின் விரல் பழையபடி போகுமா என்பது தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் என் மகனை மடியில் வைத்துக்கொண்டு `கோழி' கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கொக்கரித்தான். இவர் இடது கையை அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வைத்து, ச, ரி, க என்று மெட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து ஃபேனை அணைத்தேன்.