கல்லறைக் கல்லெழுத்துகளைப் பதிவு செய்தல்: கிராமச் சபை ஆயரின் கடமைகளுள் ஒன்று

நம் கிராமச் சபைகளுள் பழமையான பலவற்றில், ஆலயத்திற்குப் பின்புறமாகவோ ஊர்க்கோடியிலோ ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. நவம்பர் 2ஆம் நாளாகிய கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரத்தில் அங்கே முட்செடிகள் வெட்டப்படும். அண்மைக்காலக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசப்படும். உறவினர் எவரும் ஊரில் மீந்திராத பழைய கல்லறைகளை அவ்வாரத்திலும் எவரும் தீண்டுவதில்லை. ஆண்டுதோறும் அவற்றுள் ஒன்றிரண்டு சாய்கின்றன. சில எழுத்துகள் உதிர்கின்றன. பாதுகாப்பதற்குப் பணம் இல்லை என்பது உண்மையே. ஆனால், கல்லில் உள்ளதைப் படித்து எழுதி வைப்பதற்குப் பெரும்பணம் தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும். அப்பணியின் நோக்கத்தையும் முறையையும் ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நினைவுக்கல்லும் திருமறையும்

இறந்தோருக்குக் கல் நாட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நடுகல் நிறுவுதலின் படிகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் ஆறாக வகுத்துரைக்கின்றது. ஆகவே, நற்செய்தி இந்நாட்டிற்கு வந்தபோது கல்லறைக் கல் என்னும் கருத்து அயலானதாக இருக்கவில்லை. அதில் எழுதப்பட்ட நம்பிக்கையே புதியதாயிருந்தது.

திருமறையிலும் இவ்வழக்கம் காணப்படுகின்றது. எப்பிராத்தா வழியில் மரித்த ராகேலின் கல்லறைமேல் யாக்கோபு தூண் நிறுத்தினார் (ஆதியாகமம் 35:20). தன் சொற்கள் இரும்பு எழுத்தாணியால் கற்பாறையில் வெட்டப்பட வேண்டுமென யோபு ஏங்கினார் (யோபு 19:23, 24). யோர்தானைக் கடந்த மக்கள் நிறுத்திய பன்னிரண்டு கற்கள், பிற்காலத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பதற்காகவே நிறுத்தப்பட்டன (யோசுவா 4). பிள்ளை கேட்கும்போது விடை சொல்ல ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் உட்கிடை. ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் தங்கள் இடுகாட்டிற்கு வழங்கிய கிரேக்கப் பெயர் உறங்குமிடம் எனப் பொருள்படும். நம் கற்களில் மீண்டும் மீண்டும் வரும் 'நித்திரையடைந்தார்' என்னும் சொல்லும் அந்த அறிக்கையின் தொடர்ச்சியே.

2. கல்லை நேரே படிப்பதன் தேவை

கல்லைப் பாராமல் கல்லைப் பற்றிப் பேசும் வழக்கம் நம்மிடையே மிகுதி. சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி. யு. போப் ஐயர் 1908இல் மரித்து, ஆக்ஸ்போர்டு நகரின் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். அவர் தம்மைத் தமிழ் மாணவன் என்று கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என மேடைகளிலும் பாடநூல்களிலும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அக்கல்லில் அச்சொற்கள் இல்லை. அவர் பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராயும் பேலியல் கல்லூரியின் சிற்றாலய குருவாயும் இருந்தவர் என்பதும், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நிறுவினர் என்பதுமே அதில் உள்ளன. தமிழ் நண்பர்கள் கடல் கடந்து ஒரு கல்லை நாட்டினர் என்னும் உண்மைச் செய்தி, கட்டுக்கதையைவிட நமக்கு மதிப்பு வாய்ந்தது. புகழ்பெற்ற ஒருவருடைய கல்லின் நிலையே இதுவானால், பெயர் தெரியாத உபதேசியாரின் கல்லைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

இத்துறையில் முன்னோடிகள் இல்லாமலில்லை. ஜே. ஜே. காட்டன் என்பார் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல் 1905இல் அரசு அச்சகத்தின் வழியாய் வெளிவந்தது. 1976இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் கழகம் பல இடங்களின் கல்லெழுத்துகளைப் பதிப்பித்துள்ளது. ஆயினும், இம்முயற்சிகளின் கவனம் பெரும்பாலும் ஐரோப்பியர் கல்லறைகளைப் பற்றியதே. 1798இல் மரித்த சுவார்ட்ஸ் ஐயருக்குச் சரபோஜி மன்னர் ஆங்கிலத்தில் இயற்றிய கல்லறைச் செய்யுளைப் பலர் படியெடுத்துள்ளனர். அதே காலத்துத் தமிழ் உபதேசியார்களின் கற்களைப் படிக்க வேண்டியவர்கள் நாமே.

3. பணியைத் தொடங்கும் முறை

முதலாவது, சேகரக் குழுவின் இசைவைப் பெறுதல் வேண்டும். எதையும் இடிக்கவோ மாற்றவோ வரவில்லை, எழுதிக்கொள்ளவே வருகிறோம் என்பதைச் சபையாருக்கு ஆராதனை அறிவிப்பிலேயே தெரிவிப்பது நலம். இடுகாட்டு நிலத்தைப் பற்றிய வழக்குகள் உள்ள ஊர்களில் இது இன்றியமையாதது.

இரண்டாவது, தோட்டத்தின் வரைபடம் ஒன்று வரைந்து, வரிசைக்கு ஓர் எழுத்தும் கல்லறைக்கு ஓர் எண்ணும் இட வேண்டும். எண்ணைக் கல்லின்மேல் சாயத்தால் எழுதலாகாது. ஒவ்வொரு கல்லறைக்கும் தனித்தாள் ஒன்றில் இருக்குமிடம், அமைப்பு, கல்லின் வகை, அளவு, தலைப்பக்கத்தின் திசை, எழுத்து, இன்றைய நிலை, நிழற்பட எண், பதிவு செய்தவர் பெயர், நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, எழுத்தைப் படிப்பதற்கு ஒளியே தலையாய கருவி. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில் தேய்ந்த எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுவதால், நண்பகலில் புலப்படாதவை புலப்படும். பிற வேளைகளில் பெரிய முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டு வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் திருப்பலாம். இருட்டியபின் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலும் அதே பயன் உண்டு. கைப்பேசி நிழற்படங்களை இவ்வாறு இரு திசை ஒளியில் எடுப்பது போதுமானது.

நான்காவது, செய்யத் தகாதவற்றை மாணவர்க்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். கம்பித் தூரிகை, அமிலம், வெளுப்புத் தூள் ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது. எழுத்தில் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கலாகாது. மென்மையான தூரிகையும் தூய நீரும் போதும். பல்லாண்டுச் சுண்ணாம்புப் பூச்சை உளி கொண்டு பெயர்த்தால் எழுத்தும் கூடவே பெயரும். எழுத்தைப் புதுப்பிப்பதாக எண்ணிக் கறுப்புச் சாயம் பூசுவது எல்லாவற்றிலும் கேடானது; தவறாகப் படித்த எழுத்து அதனால் நிலைபெற்றுவிடுகின்றது.

4. எழுத்தைப் படியெடுத்தல்

ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் எழுத வேண்டும். முதலில் படித்தவரல்லாத மூன்றாமவர் படியைக் கல்லோடு ஒப்பிட வேண்டும். கல்லில் உள்ள வரி முறையிலேயே எழுத வேண்டும். பிழையாகத் தோன்றுவதைத் திருத்தலாகாது. அழிந்துபோன எழுத்தை ஊகித்து எழுதினால் அதைப் பகர அடைப்பினுள் இட வேண்டும். ஊகிக்க இயலாத இடத்தை வெற்றுப் புள்ளிகளால் காட்ட வேண்டும். நாம் கண்டது எது, நாம் எண்ணியது எது என்று பிற்காலத்தார் பிரித்தறிய இதுவே வழி. மூலபாட ஆய்வு பயின்ற மாணவர்க்கு இது புதிய பாடமன்று.

தமிழ்க் கற்களுக்கே உரிய சில இடர்கள் உள்ளன. சில கற்களில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி வெட்டப்பட்டுள்ளன. தமிழ் எண்களை எழுத்தென மயங்குவோர் பலர். ௧ என்பது ககரமாகவும், ௭ என்பது எகரமாகவும், ௮ என்பது அகரமாகவும் தோன்றும். ௵, ௴, ௳ என்னும் குறிகள் முறையே ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பன. லை, னை போன்றவற்றின் பழைய வடிவங்களைக் கண்டவுடன், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தியது என முடிவு கட்டலாகாது. கல்தச்சர்கள் அதன் பின்னரும் பழைய வடிவத்தைக் கையாண்டதுண்டு.

ஆண்டைக் கணிப்பதில் மிகுந்த கவனம் தேவை. அறுபதாண்டுச் சுழற்சியில் 'தாது' என்று மட்டும் இருந்தால் அது 1816, 1876, 1936 ஆகிய ஆண்டுகளில் எதில் தொடங்கியதாயும் இருக்கலாம். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் கொல்லம் ஆண்டு உடனிருப்பின் ஐயம் நீங்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்குவதால், ஆவணி முதல் ஆங்கில ஆண்டின் இறுதி வரை 824ஐயும், அதன்பின் ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். தாது ஆண்டு மாசி மாதம், கொல்லம் 1052 என்றிருப்பின், அது கி.பி. 1877இன் தொடக்கமாகும். அஃது, தாது வருஷப் பஞ்சம் என்று நம் முதியோர் வழிவழியாகச் சொல்லிவந்த கொடிய பஞ்சத்தின் காலம். அம்மாதங்களின் தேதியுள்ள கற்கள் ஒரே வரிசையில் நெருங்கி நிற்கக் கண்டால், ஒரு சபையின் துயரத்தை நாம் கண்ணாற் காண்கிறோம்.

சொற்களும் காலத்தைக் காட்டும். சீகன்பால்கு கையாண்ட சர்வேசுரன், பெப்ரிசியஸ் கையாண்ட பராபரன், 1871இன் பவர் திருப்புதலிலுள்ள தேவன், 1995இன் பொது மொழிபெயர்ப்பிலுள்ள கடவுள் எனக் கடவுட்பெயர் மாறி வந்துள்ளதை நாம் அறிவோம். கல்லில் பொறித்த வசனம் எந்த மொழிபெயர்ப்பினது என்று நோக்கினால், அச்சபையார் எந்தத் திருமறையை ஓதி வளர்ந்தனர் என்பது புலனாகும். எனினும் லுத்தரன் சபையார் பெப்ரிசியஸின் மொழிபெயர்ப்பை நெடுங்காலம் விடாது பற்றியிருந்தமையால், சொல் ஒன்றைக் கொண்டே காலத்தைத் துணிதல் கூடாது.

5. கல்லின் நிலையைக் குறித்தல்

நன்று, தேய்வு, சிதைவு, அழியும் நிலை என நான்கு படிகளாகப் பிரித்துக்கொள்வது எளிது. காரணத்தையும் எழுத வேண்டும். கருங்கல் நெடிது நிற்கும். கடப்பைக்கல் ஏடு ஏடாக உரியும். எழுத்து ஒரே மழைக்காலத்தில் மேல் ஏட்டோடு போய்விடக்கூடும். சலவைக்கல்லில் பதித்த ஈய எழுத்துகள் உதிர்ந்தாலும், அவற்றைப் பிடித்திருந்த சிறு துளைகளின் வரிசையைக் கொண்டு சொல்லை மீட்கலாம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய கல்லறைமேல் சிமிட்டி பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் பொரிந்துபோகும். அன்போடு செய்யப்படும் இத்தீங்கே மிகுதி. இரும்புப் பிணைப்புகள் துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். வேம்பு, அரசு முதலியவற்றின் வேர் மேடையைத் தூக்கும். அழியும் நிலையிலுள்ளவற்றையே முதலில் படியெடுக்க வேண்டும் என்பது இப்பகுப்பின் பயன்.

6. கல் இல்லாதோர்

கல்லை மட்டும் பதிவு செய்தால் நம் பதிவு பொய் சொல்லும். கல் நாட்டுதல் வசதி படைத்தோர்க்கே இயன்றது. காலராவிலும் பஞ்சத்திலும் மாண்டோர், கூலி வேலை செய்தோர், குழந்தைகள் ஆகியோரில் பெரும்பாலோர் மண்மேட்டின்கீழ் உள்ளனர். எனவே அடக்கப் பதிவேட்டைக் கல்லோடு ஒப்பிட்டு, கல்லில்லாத பெயர்களையும் தொகுக்க வேண்டும். குழி வெட்டும் பணியாளரையும் ஊர் முதியோரையும் உடன் அழைத்துச் சென்று மேடுகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும். கல்லும் பதிவேடும் முரண்படுமிடத்து இரண்டையும் எழுத வேண்டும்.

சாதிப் பெயர் பொறித்த கற்களையும், சாதிக்கொரு பகுதியாகப் பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்களையும் நாம் காண்போம். அப்பெயரை மறைத்துப் படியெடுக்கலாகாது. அது திருச்சபையின் பாவ அறிக்கைக்குரிய சான்று. ஆனால், சுவருக்கு இருபுறமும் உள்ளவர்களை ஒரே ஏட்டில், ஒரே எண்வரிசையில் எழுதுவது நம் கையிலுள்ளது. வாழ்நாளில் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றவர்களை ஏட்டிலாவது நாம் பிரிக்கலாகாது.

7. ஓர் அனுபவம்

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. குருப்பட்டம் பெற்றபின் நான் முதலில் பணியாற்றிய சேகரத்தில், கல்லறைத் தோட்டத்திற்குச் சுற்றுச்சுவர் எழுப்பினோம். சாய்ந்தும் உடைந்தும் கிடந்த கற்களை அடித்தளத்தில் இடலாமா என்று கொத்தனார் கேட்டார். கேட்க உரிமையுள்ளவர் எவரும் இல்லை என்றெண்ணி இசைந்தேன். பதினொரு ஆண்டுகளுக்குப் பின், முதியவர் ஒருவர் தம் பாட்டியாரின் கல்லைத் தேடி அவ்வூருக்கு வந்து, பின்னர் என்னையும் தேடி வந்தார். அவ்வம்மையார் வேதாகம ஸ்திரீயாய் ஊர் ஊராய் நடந்து பெண்களுக்கு எழுத்தறிவித்தவர். அக்காலத்துப் பதிவேட்டின் ஏடுகளைக் கரையான் தின்றிருந்தது. அவருடைய பெயர் இருந்த ஒரே இடம் அந்தக் கல். நான் நடந்ததைச் சொன்னேன். முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயரவர்களே, எந்தப் பக்கத்துச் சுவர் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். மேற்குப் பக்கம் என்பது வரைதான் எனக்குத் தெரியும். அவர் மறுபடியும் அங்கே சென்று மேற்குச் சுவர் முழுவதும் நடந்து ஜெபித்துவிட்டுப் போனதாக அறிந்தேன். சுவரைக் கட்டுமுன் ஒரு பிற்பகல் உட்கார்ந்து எழுதியிருந்தால் போதும்.

8. பதிவைப் பயன்படுத்துதல்

முடிந்த பதிவில் மூன்று படிகள் வேண்டும்: ஒன்று சேகரப் பதிவேடுகளோடு, ஒன்று பேராய அலுவலகத்தில், ஒன்று பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற ஓரிடத்தில். நிழற்படங்கள் கணினியில் இருந்தாலும் தாளில் எழுதிய படியும் இருத்தல் நன்று.

கல்லறைத் திருநாள் ஆராதனையில் அவ்வாண்டு மரித்தோரின் பெயர்களை வாசிப்பது வழக்கம். அதனோடு பழைய பதிவிலிருந்து பத்துப் பெயர்களையும், பெயர் தெரியாத மேடுகளின் எண்ணிக்கையையும் வாசிக்கலாம். அவர்களைக் கர்த்தர் பெயரிட்டு அறிந்திருக்கிறார். நம் பதிவில்லாமல் அவர் எவரையும் மறந்துவிடப்போவதில்லை. ஆயினும், இக்கற்கள் என்னவென்று நம் பிள்ளைகள் கேட்கும் நாளில் விடை சொல்லும் பொறுப்பு நம்மிடமே ஒப்புவிக்கப்பட்டுள்ளது. வரும் கோடை விடுமுறையில் கிராமப் பணிக்குச் செல்லும் மாணவர்கள் ஒரு குறிப்பேட்டையும் மென்மையான தூரிகையையும் உடன் எடுத்துச் செல்வார்களாக.