நீருக்குள் போன நான்கு ஊர்களும் அவற்றைப் பேசிக் காத்த சங்கமும்

ஊரை விட்டு வந்த குடும்பங்கள் கூடுமிடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஊருக்கே வந்து சேரும். கிணற்றடி, குளக்கட்டு, கோயில் வீதி, மாரியில் வெள்ளம் நின்ற வயல் என்று அது நீளும். விளக்கை அணைத்ததும் பேச்சும் முடிந்துவிடும். இதே பேச்சுக்கு ஒரு நாள் குறித்து, ஊராரைக் கூட்டி, ஒருவரைப் பேசவைத்து மற்றவர்களைத் திருத்தவைத்து, பேசியதைப் பேணியும் வைத்தால் என்ன பயன் விளையும்? அமெரிக்க நாட்டில் ஊரிழந்த மக்களின் வரலாற்றுச் சங்கம் ஒன்று இக்கேள்விக்கு விடை தருகின்றது.

நகரத்தின் தாகம்

மசாசூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், சுவிஃப்ற் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் டேனா, என்பீல்ட், கிறீனிச், பிறெஸ்கொற் என நான்கு ஊர்கள் இருந்தன. மக்கள் கமஞ்செய்தார்கள், பசு வளர்த்தார்கள். வெளியிலிருந்து வந்த ஓலையைக் கொண்டு பெண்கள் வீட்டிலிருந்தே தொப்பி பின்னிய காலமும் ஒன்றிருந்தது. ஊர்களை இணைத்த சிறிய புகையிரதம் அடிக்கடி நின்று நின்று ஓடியபடியால் அதற்கு ‘முயலோட்டம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

பொஸ்ரன் நகரம் பெருகப் பெருக அதன் குடிநீர் போதாமற் போயிற்று. பள்ளத்தாக்கை மறித்து நீர்த்தேக்கம் அமைக்க 1927இல் சட்டம் இயற்றப்பட்டது. காணிகள் சுவீகரிக்கப்பட்டன. வீடுகள் இடிக்கப்பட்டன, சில பெயர்த்தெடுக்கப்பட்டு வேறிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மரந் தறிக்க நகரிலிருந்து இறக்கப்பட்ட ஆட்களை உள்ளூரார் ‘மரங்கொத்திகள்’ என்று அழைத்தார்கள். இறந்தோரும் தப்பவில்லை. சேமக்காலைகளிலிருந்து 7,500க்கும் மேற்பட்டோரின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை குவாபின் பூங்கா என்னும் புதிய சேமக்காலையில் அடக்கஞ் செய்யப்பட்டன. உயிரோடிருந்தோரில் ஏறத்தாழ 2,500 பேர் வெளியேறினார்கள்.

1938 ஏப்ரல் 27ஆந் திகதி இரவு என்பீல்ட் மண்டபத்தில் பிரியாவிடை நடனக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. மணி பன்னிரண்டு அடித்ததும் நான்கு ஊர்களும் சட்டப்படி இல்லாது ஒழிந்தன. மண்டபத்தில் விம்மி அழும் ஒலி கேட்டது. 1939இல் நீர் ஏறத் தொடங்கி, 1946இல் நீர்த்தேக்கம் முதன்முறையாக நிறைந்தது. குவாபின் எனப்படும் அதுவே இன்றும் பொஸ்ரன் பகுதிக்குக் குடிநீர் வழங்குகின்றது.

ஊர் இருக்கும்போதே தொடங்கிய சங்கம்

சுவிஃப்ற் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரலாற்றுச் சங்கம் 1936இல், அதாவது ஊர்கள் கலைக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அமைக்கப்பட்டது. இதனை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வெளியேறி, வாழ்வு ஒருவாறு நிலைப்பட்ட பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் காத்திருந்தால் படங்களும் பெயர்ப்பலகைகளும் வீட்டுப் பாத்திரங்களும் நூறு திசைகளில் சிதறியிருக்கும். இன்று நியூ சேலம் என்னும் அயலூரில் அச்சங்கத்தின் அரும்பொருளகம் உள்ளது. பிறெஸ்கொற் ஊரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட பழைய தேவாலயக் கட்டடமும் கடைசியில் அங்கே வந்து சேர்ந்து, அந்த ஊரின் பொருட்களைத் தாங்கி நிற்கின்றது.

பொருட்களைக் காத்ததோடு மக்கள் தொடர்ந்து கூடுவதற்கும் வழி பிறந்தது. டேனா ஊரின் நடுப்பகுதி நீருக்கு மேலேயே நிற்கின்றது. ஆனால் குடிநீரின் தூய்மையைக் காப்பதற்காக அங்கே எவரும் குடியிருக்க விடப்படவில்லை. வீடுகள் இருந்த இடத்தில் நிலவறைக் குழிகளும் கல்மதில்களும் மட்டுமே எஞ்சியுள்ளன. அந்த வெளியில் ஊரார் கோடையில் ஒன்றுகூடி வந்தார்கள். வீட்டையும் வாழ்க்கை முறையையும் தியாகஞ் செய்தவர்களின் நினைவாக அங்கே ஒரு கல்லையும் நாட்டினார்கள். 2013இல் அந்த இடம் தேசிய வரலாற்றிடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இவை தவிர, புதிய சேமக்காலையில் நினைவுநாள் வழிபாடு நடைபெற்றது. நீர்த்தேக்கத்தின் பார்வையாளர் நிலையத்தில் முன்னாள் ஊரவர்கள் ‘செவ்வாய்த் தேநீர்’ என்ற பெயரில் கூடிப் பேசினார்கள். ஊரைக் கண்ணாற் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்துபோக, அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த இடங்களை நிரப்பலாயினர்.

கேட்பவரும் பேசும் கூட்டம்

காணி சுவீகரித்த ஆணைக்குழு ஒவ்வொரு வளவையும் கட்டடத்தையும் படம் பிடித்து இலக்கமிட்டு வைத்தது. அந்தப் படங்கள் கணக்குப் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை. படத்தில் வீடு இருக்கும், இலக்கம் இருக்கும். ஆனால் அந்த வாசலில் யார் குந்தியிருந்து ஓலை பின்னினார், எந்தப் பாதையால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள் என்பவை படத்தில் இரா. அங்கே வாழ்ந்தவரின் வாய்ச்சொல் சேர்ந்தாற்றான் அந்தப் படம் நிறைவு பெறும். பொது உரையின் பெறுமதி இதுவே. ஒருவர் எழுந்து, “இந்த வளவு இன்னாருடையது” என்பார். இன்னொருவர், “இல்லை, அது அவருடைய தமையனாருடையது” என்பார். தனியே இருந்து எழுதுபவருக்கு இந்தத் திருத்தம் கிடைப்பதில்லை.

மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்து மொழியியல் அறிஞர் ஓட்றி டக்கேட் அம்மையார் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1960களின் பிற்பகுதியிலிருந்து அவர் பள்ளத்தாக்கின் முதியவர்களைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் பல்கலைக்கழகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. ஊர் போன பின்னும் ஊரின் பேச்சு கேட்கின்றது.

எமக்குப் பொருந்துவது எது?

அவர்கள் சட்டத்தால் வெளியேற்றப்பட்டவர்கள். நாமோ போரால் துரத்தப்பட்டவர்கள். அவர்களின் வயல் நீருக்கடியில் கிடக்கின்றது, இனி மீளாது. எம்மவர் பலர் 2009ஆம் ஆண்டின் பின்னர் திரும்பிச் சென்றார்கள். வேலி இல்லை, படலை இல்லை, எல்லை மரமும் இல்லை என்ற நிலையில் வளவை அடையாளங் காட்ட ஒரு முதியவரைத் தேடி அலைந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே ஊர் பற்றிய அறிவு அவர்களைவிட எமக்கே கூடுதலாகத் தேவைப்படுகின்றது.

இதற்குக் கட்டடமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. சனசமூக நிலையத்தின் ஒரு விறாந்தை போதும். ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தைப் பற்றிப் பேசுவதானால் மதகு எத்தனை, திறப்பவர் யார், தண்ணீர் முறை எந்த வயலில் தொடங்கி எந்த வயலில் முடிந்தது, குளக்கட்டு எந்த ஆண்டில் உடைத்தது என்று கேளுங்கள். நிலத்திற் கீறி வாய்க்காலைக் காட்டச் சொல்லுங்கள். படித்த பிள்ளை ஒன்று கொப்பியில் எழுதட்டும். இன்னொன்று கைத்தொலைபேசியிற் பதியட்டும். இருவர் இருவிதமாகச் சொன்னால் தீர்ப்புச் சொல்ல முனையாது இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் குறியுங்கள். உறுதி, எல்லைச் சண்டை என்பவற்றை இந்தக் கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். அவற்றுக்கு வேறு இடம் உண்டு.

காணிக்காரர் மட்டும் பேசினால் அது ஊரின் பாதி வரலாறுதான். குத்தகைக்குச் செய்தவர், கூலிக்கு நாற்று நட்ட பெண், மாடு மேய்த்தவர், எல்லாருக்கும் பொதுவென்று சொல்லப்பட்ட கிணற்றில் அள்ள முடியாது நின்றவர் ஆகியோரும் பேச வேண்டும். அவர்கள் பேசும்போது சிலருக்கு நெஞ்சு சுடும். அதற்காகவே அவர்களைப் பேச விடவேண்டும். பழைய ஊரை அழகாக மட்டும் சொல்லிக் கொடுத்தால், பழைய குறைகளோடுதான் பிள்ளைகள் புதிய ஊரைக் கட்டுவார்கள்.

எழுதியதை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. எனவே ஒரு கொப்பியை மூன்றாகப் படியெடுத்து ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும், ஒன்றை நிலையத்திலும், ஒன்றை வெளியூரில் இருக்கும் உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.

வருகின்ற பூரணை விடுமுறை நாளில் முதற் கூட்டத்தை வைக்கலாம். உங்கள் ஊரவருள் வயதில் மூத்தவர் யாரென்று இன்றே விசாரியுங்கள். அவரால் நடந்து வர இயலாதெனின், கூட்டத்தை அவர் வீட்டு முற்றத்தில் வையுங்கள்.