உஷார்! சதுப்பில் முளைக்கும் பச்சையில் கை வைக்காதீர்கள்

அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் பனி முழுதாக உருகும் முன்பே, ஓடைக்கரைச் சேற்றைப் பிளந்துகொண்டு கருஞ்சிவப்பு மடல் ஒன்று எழும்பும். அதுதான் ஸ்கங்க் கேபேஜ். வெளிக்காற்றைவிடத் தன் பூவை 15 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் சூட்டில் வைத்து, சுற்றியுள்ள பனியையே உருக்கிவிடும். பார்க்க அற்புதம். கசக்கினால் அழுகிய மாமிச நாற்றம். ஏப்ரல், மே மாதங்களில் அகன்ற இலைகள் கொத்துக் கொத்தாக விரியும். காட்டுக்கீரை பறிக்கக் கிளம்புகிறவர்களே, ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

பெயரில் கேபேஜ் இருந்தாலும் முட்டைக்கோசுக்கும் இதற்கும் உறவு கிடையாது. இது நம் சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம். அதனால்தான் அங்கே குடியேறிய நம்மவர்களை நினைத்துக் கூடுதலாகப் பயப்படுகிறேன். 'காறல்தானே, புளி விட்டு வேகவைத்தால் போய்விடும்' என்று சமைத்துப் பழகிய கைக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம்! இதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் கொதிநீருக்கு மசியாது. ஒரு கடி போதும், உதடும் நாக்கும் தீயாய் எரியும். தொண்டை வீங்கினால் மூச்சே திணறும். கரடி தின்கிறதே என்பார்கள். கரடி தின்பது நமக்கு அத்தாட்சி ஆகாது.

இதைவிடக் கொடியது அதே சேற்றில், அதே பருவத்தில், பக்கத்திலேயே முளைக்கிறது: ஃபால்ஸ் ஹெலிபோர். ஸ்கங்க் கேபேஜுக்குத் தண்டு கிடையாது, இலைகள் தரையிலிருந்தே கிளம்பும். ஹெலிபோருக்கு நிமிர்ந்த தண்டு உண்டு. அதைச் சுற்றி அடுக்கடுக்காக, புடவைக் கொசுவம்போல நீள மடிப்பு விழுந்த இலைகள். அதன் நஞ்சு அரைமணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தியில் தொடங்கி, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அபாயகரமாக இறக்கிவிடும்.

இந்த ஹெலிபோரிடம் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் ராம்ப்ஸ் என்கிற காட்டு வெங்காயத்தைத் தேடிப் போகிறவர்கள். வெங்காய வாசம் வந்தால் ராம்ப்ஸ் என்று நம்பிப் பறிக்கிறார்கள். நான்கு ராம்ப்ஸ் பறித்த விரலில் அந்த வாசம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு எதைத் தொட்டு முகர்ந்தாலும் வெங்காயம்தான்! மூக்கை மட்டும் நம்பி ஒரு இலையைக்கூடப் பையில் போடாதீர்கள். ஒவ்வொரு செடியையும் தனித்தனியாக, அடிவரை பாருங்கள். சிறு சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் பார்வையிலேயே வைத்திருங்கள்.

தவறி யாராவது தின்றுவிட்டால், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். நச்சு உதவி எண், அமெரிக்காவில் 1-800-222-1222; கியூபெக் நீங்கலாகக் கனடாவில் 1-844-764-7669. மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ உடனே 911. மிச்சமிருக்கும் இலையைத் தூக்கி எறியாமல் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். எந்தச் செடி என்று அங்கே கண்டுபிடிக்க அது வேண்டியிருக்கும்.