வசந்தவல்லி தேவமோகினி ஆனாள்

"கிறிஸ்தவ ராக் ஓபெரா, தென்காசிப் பக்கம்." எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். சாரல் நேரத்தில் குற்றாலம் என்று அட்டையில் போட்டாலே இதழ் நகரும் என்பது கணக்கு. ராக்கும் ஓபெராவும் அதற்குத் தொட்டுக்கொள்ள. எலெக்ட்ரிக் கிதாரைத் தேடிக் கிளம்பியவன், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் இறங்கிவிட்டேன். இந்தச் சங்கதியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சிக்காக, மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர். பாட்டுக்கு வயலே எழுதிக் கொடுத்த காலம்! கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: குற்றாலநாதர் உலா வருகிறார், வசந்தவல்லி காதல் நோயில் விழுகிறாள், குறத்தி சிங்கி குறி சொல்கிறாள், பறவை பிடிக்கும் அவள் கணவன் சிங்கன் நூவனோடு வருகிறான். கவிராயரின் கைவேலையைப் பார்க்க வேண்டும். ஒரு காட்சி வந்தால் முதலில் விருத்தம், தாளத்தில் கட்டுப்படாமல். அதே விஷயம் அடுத்த நொடி ராகம் தாளத்தோடு பாட்டாக வரும். இத்தாலிக்காரர்கள் ஓபெராவில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்: பேச்சுப்போல நடக்கும் பாட்டு, பிறகு நின்று பாடும் பாட்டு. வசந்தவல்லி பந்தாடும் இடத்தில் சொல்லே துள்ளுகிறது; ஆடுகிறவளின் கால் எங்கே விழ வேண்டும் என்பது எழுத்திலேயே இருக்கிறது.

இந்தக் குறவஞ்சி வடிவத்தைத்தான் திருநெல்வேலிப் பையன் ஒருவன் கையில் எடுத்தான். வேதநாயகம் சாஸ்திரியார், 1774-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதுவாக்கில் மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போக, அங்கே பின்னாளில் அரசரான சரபோஜியும் அவரும் ஒரே குருவிடம் படித்தார்கள். 1798-ல் சுவார்ட்ஸ் காலமானார். அதற்குப் பிறகு, 1800-ஐ ஒட்டி, சாஸ்திரியார் கட்டியதுதான் பெத்லகேம் குறவஞ்சி.

அவர் என்ன செய்தார் என்பதை ஒரு இசைக்குழுக்காரன் கண்ணோடு பாருங்கள். வடிவத்தில் கை வைக்கவில்லை. உலா அப்படியே, காதல் நோய் அப்படியே, குறியும் அப்படியே. வசந்தவல்லி இருந்த இடத்தில் தேவமோகினி வந்தாள்; அவள் திருச்சபை. குற்றாலநாதர் பவனி வந்த வீதியில் பெத்லகேம் நாதர் பவனி வந்தார். சிங்கி ஞானச்சிங்கி ஆனாள், சிங்கன் ஞானச்சிங்கன் ஆனான், பறவைக்கு விரித்த வலை ஆத்துமாக்களைச் சேர்க்கும் வலையாயிற்று. சிங்கனோடு வரும் நூவன் யார் தெரியுமா? ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார்! நெல்லைச் சீமைக் கிராமத்துச் சபைகளைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. போதாததற்கு, மிஷன் பள்ளிக்கூடத்துப் பூகோளத்தையும் கோபர்நிகஸின் வானசாஸ்திரத்தையும் அதே குறவஞ்சிக்குள் இறக்கினார்.

1820-களில் வந்த புதிய மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய மோதல். தமிழ்க் கீர்த்தனைகளுக்குத் தடை போடுகிறார்கள் என்பது அவர் அடுக்கிய குறைகளில் ஒன்று. சபையில் சாதி பாராமல் சேர்ந்திருக்கச் சொன்னதும் அவருக்குக் குறையாகவே பட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

என்னிடம் கேட்ட ராக் ஓபெராவுக்கு வருகிறேன். சீமையில் 1970-ல் ஆண்ட்ரூ லாய்ட் வெபரும் டிம் ரைஸும் இயேசுவின் கடைசி நாட்களை ராக் ஓபெரா ஆக்கியபோது, மேடைக்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. அதனால் முதலில் இசைத்தட்டாக வந்தது; அடுத்த வருஷம்தான் பிராட்வே. பணமுடையால் நடந்ததுதான், ஆனாலும் எனக்குப் பொறாமை. மேடை பிறகு எத்தனை வந்தாலும் போனாலும், எந்தச் சுரம் எங்கே ஏறி இறங்கியது என்பது தட்டில் பதிந்துவிட்டதே.

நம்மிடம் என்ன இருக்கிறது? குற்றாலக் குறவஞ்சி அச்சுப் பிரதியைத் திறந்தால், குறத்தி மலைவளம் சொல்லும் பாட்டின் தலைப்பில் 'புன்னாகவராளி, ஆதி'. அவ்வளவுதான். புன்னாகவராளியில் நூறு பேர் நூறு விதமாகப் பாடலாம். கவிராயர் எப்படிப் பாடினார் என்ற வர்ணமெட்டு காகிதத்தில் ஏறவே இல்லை. மெட்டு போனால் போகட்டும், புது மெட்டுப் போட்டால் ஆயிற்று என்பவர்கள் உண்டு. கலாக்ஷேத்ரா 1944-ல் புதிதாக இசையமைத்துத்தான் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியது. அழகாகவே இருந்திருக்கும். இருக்கட்டும். ஆனால் கிறிஸ்தவக் கீர்த்தனைகளில் இன்னும் சில மெட்டுகள் வாய்வழியாக உயிரோடு இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்யப் போகிறோம்? யாழ்ப்பாணத்துக் கூத்துக்கு ஓர் அண்ணாவியார் இருப்பார். மெட்டைத் தொண்டையிலிருந்து தொண்டைக்கு மாற்றிவிடுவார். இங்கே அந்த வேலை கீபோர்டுக்குப் போய்விட்டது. ஒரு பொத்தானைத் தட்டினால் தாளம் ஓடுகிறது, பாட்டு அதன் பின்னால் ஓடுகிறது. மிசுரச் சாப்பில் இருந்த கீர்த்தனையை நாலுக்கு நாலில் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சுரண்டைப் பக்கம் ஒரு கிராமம். அசனச் சாப்பாடு முடிந்து, இலை எடுத்த இடத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கோயில் திண்ணையில், எண்பது தாண்டிய ஒரு ஆச்சி சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். சபை இசைக்குழுப் பையன் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எந்த ஸ்கேலு, ஆச்சி?"

"ஸ்கேலா? எங்க ஐயா பாடுன மாதிரி பாடுதேன், அம்புட்டுதான்."

அனுபல்லவியில் ஒரு இடம். ஆச்சியின் குரல் மேலே போய், கொஞ்சம் தொங்கி, ஆடி இறங்கியது. பையன் ஒரு கட்டையை அழுத்தினான், இல்லை. பக்கத்துக் கட்டை, அதுவும் இல்லை. சுரம் இரண்டு கட்டைக்கும் நடுவில் இருந்தது. கீபோர்டின் இடது ஓரத்தில் சுரத்தை வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. அதைப் பாதி தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இதுவா, ஆச்சி?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் கீழ வா."

தள்ளினான்.

"அம்புட்டு வேண்டாம்."