பெயரும் வடிவும்: உயிரணுப் பிளவைத் தடுக்கும் புரதமொன்றின் வகையீடு

சொற்களைப் பாகுபடுத்துங்கால் பொருளை நோக்குவதா, வடிவை நோக்குவதா என்னும் வினா இலக்கணம் பயில்வார்க்குப் புதிதன்று. புரத ஆய்விலும் அவ்வினா எழுந்துள்ளது. அதற்குச் சான்றாகச் சுல்-ஏ என்னும் சிறு புரதத்தை ஈண்டு ஆராய்வாம்.

எஷரிக்கியா கோலி என்னும் குடல்வாழ் நுண்ணுயிர் இரண்டாகப் பிளவுபடுமுன், எஃப்டிஎஸ்-இசட் என்னும் புரதத்துகள்கள் அதன் நடுவே வளையமாகத் திரளும். புறஊதாக் கதிர் முதலியவற்றால் டி.என்.ஏ. சிதைவுறின், ரெக்-ஏ என்னும் புரதம் அதனை உணர்ந்து, லெக்ஸ்-ஏ என்னும் அடக்கி தன்னைத்தானே அறுத்துக்கொள்ளுமாறு தூண்டும். அடக்கி நீங்கவே சுல்-ஏ தோன்றி, வளையம் திரளாவண்ணம் தடுக்கும். பழுது தீர்ந்தபின் லான் என்னும் நொதி சுல்-ஏயை அழிக்கும். லான் இல்லாத உயிரணுவோ சிதைவுக்குப்பின் பிளவுபடாது நூல்போல் நீண்டு மடியும். சுல்-ஏ கெடின் இக்கேடு நீங்குதலின், அம்மரபணு 'லான் குறையை அடக்குவது' என்னும் பொருளில் பெயர் பெற்றது. குறையை விளைக்கும் புரதத்திற்குக் குறையை அடக்குவதென்று பெயர் அமைந்தது வியப்பே.

லான் அற்ற உயிரணுக்கள் மதுரைக்கு அயலானவை அல்ல. 1966-இல் தோன்றி 1978-இல் காமராசர் பெயரைப் பெற்ற மதுரைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர், அத்தகைய உயிரணுக்களில் மிகும் கூழுறை எங்ஙனம் குறைகின்றது என்பதை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர்.

இனி வடிவு. புரதத்தொடர் எவ்வெக் கோணங்களில் வளையக்கூடும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரனும் உடனுழைத்தோரும் 1963-இல் வரையறுத்தனர். 1995-இல் மர்சின் முதலானோர் புரத வடிவுகளை வகுப்பு, மடிப்பு, பெருங்குடும்பம், குடும்பம் என அடுக்கினர். 2003-இல் சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் சுல்-ஏ வடிவு வெளியாயிற்று. அது 'பி-கண்ணி' உடையனவற்றின் பெருங்குடும்பத்தில் தனிக் குடும்பமாக வைக்கப்பட்டது. பி-கண்ணி என்பது ஏ.டி.பி. போன்றவற்றின் பாஸ்பேட்டைப் பற்றும் குறுவளைவு. சுல்-ஏக்கோ அக்கண்ணி இல்லை. எனினும் அதன் மடிப்பு, கண்ணியுடைய ரெக்-ஏயின் மடிப்பை ஒத்துள்ளது. தன்னைத் தோற்றுவிக்கக் காரணமான புரதத்தையே அது வடிவில் ஒத்திருத்தல் நோக்கத்தக்கது.

உருபு தொக்க விடத்தும் வேற்றுமை வேற்றுமையே என்று இதற்கு ஒப்புமை கூறலாம். ஆயின் அது முற்றும் பொருந்தாது. தொகையில் உருபின் பொருள் நிற்கும். ஈண்டுக் கண்ணியோடு அதன் தொழிலும் ஒழிந்தது. காரணப்பெயராய் எழுந்த பெருங்குடும்பப் பெயர் சுல்-ஏ அளவில் இடுகுறியாயிற்று என்பதே பொருத்தம்.

கலைச்சொல் ஆக்குவோர் சிலர் தொழில்பற்றிப் 'பிளவுத்தடைக் குடும்பம்' என வழங்க விழைவர். அஃது ஏலாது. மின்-சி என்னும் புரதமும் அப்பிளவையே தடுப்பது. 2001-இல் வெளியான அதன் வடிவில் இரு கூறுகள் உள. பிற்கூறு வலஞ்சுழியாகச் சுருண்ட பீட்டாச் சுருள். முற்கூறு வேறொரு தனி மடிப்பு. இரண்டும் சுல்-ஏயோடு ஒவ்வா. ஆதலின் 'பிளவுத்தடைப் புரதம்' என்பதைத் தொழிற்பெயராக மட்டும் கொண்டு, குடும்பப் பெயரைச் 'சுல்-ஏ குடும்பம்' எனவே வழங்குதல் தகும்.